நகத்தால் பிரித்த தங்கூசி

நண்டு வலையில் சிக்கிய தங்கூசியை, அதாவது தூண்டிலின் நைலான் இழையை, எடுக்கக் கத்தியைத் தொடக்கூடாது. இடது கையால் வலையைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, வலது கை நகத்தை முடிச்சுக்குள் நுழைத்து, ஒவ்வொரு சுற்றாக நெகிழ்த்தி வெளியே தள்ள வேண்டும். பொறுமை இழந்து ஓர் இழு இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். இறுகிவிட்டால் வலைக்கண்ணை அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அறுத்த கண் வழியாக நண்டு போகும். நண்டோடு அன்றைய வருமானமும் போகும்.

இதை நான் கற்றுக்கொண்டது 2016 மாசி மாதத்தில், தொண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் கரையில், ஓலைப் பந்தலுக்குக் கீழே வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம். அன்று அவருடைய கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் ஊறியிருந்தது. வலையில் சிக்கியிருந்த தங்கூசி பச்சை நிறம். அந்தக் கரையில் பச்சைத் தங்கூசி யாரும் வாங்குவதில்லை. காரைக்குடியிலிருந்து போன நாங்கள் ஐந்து பேர்தான் முந்தின வாரம் பச்சைத் தங்கூசியோடு வந்திருந்தோம். தூண்டில் அடியில் எதிலோ மாட்டிக்கொண்டதும் அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டுப் புது முள் கட்டிக்கொண்டோம். அந்த முள்தான் அவர் விரலில் ஏறியிருந்தது.

“கடலில் போட்டால் போய்விடுமா தம்பி? போய் எங்கே நிற்கும்? என் வலையில்தான் வந்து நிற்கும்” என்றார்.

அன்று நாங்கள் கடலுக்குப் போகவில்லை. பந்தலிலேயே உட்கார்ந்தோம். எனக்குக் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. இருபது வருடத்துக்கு மேல் செம்புக் கம்பியோடு பழகிய விரல்கள் என்னுடையவை. இருந்தும் அந்த ஒரு சிக்கலைப் பிரிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் அவர், அடிபட்ட விரலை மடக்கி வைத்துக்கொண்டே, பக்கத்தில் எட்டு நண்டுகளைக் கழற்றிவிட்டார். நண்டைப் பின்பக்கமாக, துடுப்புப் போன்ற கடைசிக் கால்கள் தொடங்கும் இடத்தில் பிடிக்க வேண்டும். அங்கே அதன் கொடுக்கு எட்டாது. முதலில் கொடுக்கிலிருந்து வலையை விடுவித்து, பிறகுதான் கால்களுக்கு வர வேண்டும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை குறைந்துவிடும் என்பதால் அவர் விரல்கள் அவ்வளவு வேகத்திலும் மெதுவாகவே பட்டன.

எங்கள் பக்கத்து மக்களுக்கும் கடலுக்கும் பழைய உறவு உண்டு. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு இந்த வறண்ட பூமிக்கு வந்தவர்கள் என்பது செட்டிநாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தெருவிலிருந்து பல படி ஏறிப் போகும்படி வீடுகளைக் கட்டியதற்குக் கடல் கொண்ட நினைவுதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே மக்கள்தான் பின்னால் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். நான் நகரத்தார் இல்லை. அந்தப் பெரிய வீடுகளுக்குத் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போகிறவன். எனக்குச் சிறுவயது முதல் தெரிந்த தண்ணீர் ஊருணித் தண்ணீர்தான். குடிநீர் ஊருணியில் யாராவது கால் கழுவினால் ஊரே கேள்வி கேட்கும். அந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவன் கடலில் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தேனே என்று நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியலுக்கு முன்னே கிளம்பிவிடுவோம். தொடங்கும்போது ஐந்து பேர். இப்போது குடும்பங்களோடு சேர்த்து முப்பது பேர் வரை வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தத் தூண்டில் வாங்குவது என்பது. நான் அதற்குப் பதில் சொல்வதற்கு முன், யாரிடம் கேட்டுவிட்டு வந்தாய் என்று கேட்பேன்.

ஏனென்றால் கேட்காமல் போகக்கூடாத இடம் அது. ஒவ்வொரு ஊருக்கும் கடலுக்குப் போகாத ஓய்வு நாள் உண்டு. பள்ளிவாசல் ஊர்களில் வெள்ளி, தேவாலய ஊர்களில் ஞாயிறு என்று வரும். அந்த நாளில் படகு கேட்டு யார் வாசலிலும் நிற்கக்கூடாது. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று பழைய ஏற்பாடு இருக்கிறது. எந்த நாள் யாருடையது என்று தெரியாமல் வல்லம் என்னும் நாட்டுப்படகில் ஏறினால் விசைப்படகின் இழுவலைக்குக் குறுக்கே போய் நிற்க வேண்டிவரும். கரைக்கு அருகே கம்பு ஊன்றிக் கட்டியிருக்கும் களங்கட்டி வலைப் பக்கம் தூண்டில் போடவே கூடாது. அங்கே மீன் நிறைய நிற்கும் என்பது உண்மைதான். அந்த மீன் கம்பு ஊன்றியவருக்கு உரியது.

வாடகை விஷயத்திலும் எங்களுக்குள் ஒரு முடிவு உண்டு. பேரம் பேசுவதில்லை. அந்தக் காலைப் பொழுதில் அவர் வலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் கொடுக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கான தடை. நாட்டுப்படகுகளை அது கட்டாது, தூண்டிலோடு போகும் எங்களையும் கட்டாது. ஆனால் விசைப்படகு நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அப்போது எங்கள் பொழுதுபோக்குக்காக ஒரு வல்லத்தை அரை நாள் நிறுத்தி வைப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. நண்பர்கள் இரண்டு பேர் இதை ஏற்கவில்லை. ஒரு வருடம் விவாதம் நடந்தது. இப்போது அந்த மாதங்களில் கரை வேலை மட்டும்தான்.

சரி, தூண்டிலுக்கு வருகிறேன். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றியே இருக்கும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அதனால் கரையில் நின்று வீசுவதில் பலன் குறைவு, வல்லத்தில் போக வேண்டும். அடியில் தாழை வளர்ந்து கிடக்கும். கடல்புல்லை அங்கே தாழை என்றுதான் சொல்வார்கள். தாழைக்கு நடுவே போட்டால் முள் மாட்டும், வெறும் மணலில் போட்டால் மீன் இராது. தாழை முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில் போட வேண்டும். அந்த ஓரத்தைப் படகுக்கார அண்ணன் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு அது பிடிபட மூன்று வருடம் ஆனது.

விலை உயர்ந்த தூண்டில் கம்பு வேண்டியதில்லை. ஒரு கட்டையில் சுற்றிய தங்கூசி, ஈயக் குண்டு, நடுத்தர முள், இரைக்குக் கரையிலேயே வாங்கிய பச்சை இறால் போதும். தங்கூசியை ஆட்காட்டி விரலின் மேல் ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கிழங்கான் படபடவென்று தட்டும். விளைமீன் முதலில் லேசாகத் தொட்டுவிட்டு விலகும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். இரண்டாவது முறை கனமாக இறங்கும்போது கையைத் தூக்க வேண்டும். சீலா வந்தால் பல்லால் தங்கூசியை வெட்டிவிடும், அதற்கு முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்ட வேண்டும். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அது தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும், சிறு மீனைக் காயமில்லாமல் திருப்பி விடலாம். விடும்போது கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கும் வழவழப்பு உரிந்துவிடும், விட்ட மீன் பிழைக்காது. கொடுவா குஞ்சிலிருந்து வளரும்போது முதலில் ஆணாக இருந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மிகப் பெரிய கொடுவாவை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. இதுவரை அப்படி விட்டது இரண்டுதான்.

பேத்தை மீனை மட்டும் எந்த நிலையிலும் சமையலுக்கு எடுக்காதீர்கள். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

கெளிறு குத்தியதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஒரு சின்னக் கெளிறை முள்ளிலிருந்து கழற்றும்போது உடலை முறுக்கியது, பக்கத் துடுப்பின் முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. சில நிமிடங்களில் வலி முழங்கை வரை ஓடியது. நான் ஐஸ் பெட்டிக்குள் கையை விடப் போனேன். படகுக்கார அண்ணன் தடுத்துவிட்டு, டீ போடக் கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கைத் திறந்தார். வெந்நீரில் குளிர்ந்த நீர் கலந்து, தன் கையை முதலில் விட்டுச் சூடு பார்த்து, பிறகு என் கையை வைத்தார். நஞ்சு சூட்டில் முறியும் வகை, ஆகவே தாங்கக்கூடிய சூட்டில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்க வேண்டும் என்று பின்னர் மருத்துவரும் சொன்னார். அடிபட்ட கை மரத்துப் போயிருக்கும், அதற்குச் சூடு தெரியாது. அதனால்தான் நல்ல கையால் பார்க்க வேண்டும். கரைக்கு வந்து டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். திருக்கை குத்தினாலும் முதலுதவி இதுதான். ஆனால் உடைந்த முள் ஆழமாக உள்ளே நின்றால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அன்று முதல் வல்லத்தில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் தனியாக இருக்கும், அதில் யாரும் டீ போடுவதில்லை.

காற்றைப் பற்றி நான் நினைத்திருந்தது முழுக்கத் தவறு. அலை அடித்தால் ஆபத்து, கடல் தகடு போல் கிடந்தால் பாதுகாப்பு என்றே நினைத்திருந்தேன். இந்தக் கரைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. ஆடி மாதக் கச்சான் காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரத்தில் அலையே தெரியாது. உள்ளே போகப் போகத்தான் அலை எழும்பும். போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது முழுக்க எதிர்காற்று.

2019 ஆடியில் ஒரு காலை. கரை கோடாகத் தெரியும் தூரத்தில் இருந்தோம். திரும்பத் தொடங்கிய சிறிது நேரத்தில் என்ஜின் திணறி நின்றது. எனக்கு என்ஜின் பழக்கம் உண்டு என்பதால் உடனே அதன் பக்கம் பாய்ந்தேன். அண்ணன் சத்தம் போட்டார். “முதலில் நங்கூரம்! என்ஜினைப் பிறகு பார்க்கலாம்.” எவ்வளவு பெரிய பாடம் என்று அப்போது புரியவில்லை. ஆழமில்லாத கடல் என்பதால் நங்கூரம் உடனே தரையைப் பிடித்தது. நான் என்ஜினோடு மல்லுக்கட்டியிருந்தால் அந்த அரை மணி நேரத்தில் காற்று எங்களை எவ்வளவோ தூரம் கிழக்கே கொண்டுபோயிருக்கும். இந்தக் கடலில் கிழக்கே போனால் இலங்கை எல்லை இருக்கிறது.

நங்கூரம் நின்றபின் என்ஜினைத் தூக்கிப் பார்த்தோம். விசிறியில் ஒரு கிழிந்த வலைத்துண்டு கயிறோடு சுற்றி, இறுகி, சூட்டில் பாதி உருகியிருந்தது. யாரோ கடலில் விட்டது. அண்ணன் சிறு கத்தியால் கயிற்றை மட்டும் கீறிக் கீறி எடுத்தார். நான் தண்ணீரில் இறங்கி நகத்தால் நைலான் இழைகளைப் பிரித்தேன். பச்சைத் தங்கூசி நாள்தான் மனதில் ஓடியது. எடுத்த துண்டைத் தண்ணீரில் போடாமல் வல்லத்துக்குள் போட்டேன். அதை இன்றும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வல்லத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். சூடாக இருக்கிறது, போட்டோவுக்கு நன்றாக இல்லை என்று சொல்கிறவர்கள் கரையிலேயே இருந்துகொள்ளலாம். கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு எண்களையும் வல்லத்தின் உட்பக்கம் பெயிண்டால் எழுதியிருக்கிறோம். செல்பேசிகளை நீர் புகாத பையில் போட்டுக் கட்டிவிடுவோம். முந்தின இரவு வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்ப்போம், காலையில் அண்ணனின் முகத்தைப் பார்ப்போம். அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லை.

கரை வேலை தொடங்கியது அந்த அம்மாவின் பந்தலில்தான். முதலில் எங்கள் தங்கூசியை எண்ணிக் கொண்டுபோய் எண்ணித் திருப்பிக் கொண்டுவருவது என்று ஆரம்பித்தோம். முள் அறுந்தால் நோட்டில் எழுதுவோம். பிறகு கரையில் ஒதுங்கிய வலைத்துண்டு, நைலான் கயிறு, தெர்மாகோல் எல்லாவற்றையும் பொறுக்கத் தொடங்கினோம். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: கரையில் கிடக்கும் எல்லா வலையும் கழிவு அல்ல. காயப்போட்டதும் இருக்கும், தைக்க வைத்ததும் இருக்கும். முதல் மாதம் ஆர்வத்தில் ஒரு நல்ல வலையையும் மூட்டை கட்டிவிட்டோம். இப்போது ஊர்ப் பெண் ஒருவர் கூடவே வந்து, இதை எடு, இதை விடு என்று சொன்னபின்தான் தொடுகிறோம்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, தொண்டிக்கு வடக்கே புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை பலத்த அடி வாங்கியது. படகுகள் உடைந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. நாங்கள் சோற்றுப் பொட்டலத்தோடு போனோம். பொட்டலம் நிறையப் பேர் கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீர்தான் இல்லை, தொட்டிக்கு ஏற்ற மின்சாரம் இல்லை. மறுநாள் பட்டறையிலிருந்து ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராகத் தொட்டி நிரப்பினோம். நனைந்து போன மோட்டார்களை அவிழ்த்து வெயிலில் காயவைத்துத் திருப்பி மாட்டினேன். எது தேவை என்று போய்க் கேட்டுவிட்டுப் பிறகு வண்டி ஏற்றுவதே நல்லது என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகளை அழைத்துப் போகும் நாட்கள்தான் எனக்குப் பிடித்தவை. காரைக்குடிப் பிள்ளைகளுக்கும் கரைப் பிள்ளைகளுக்கும் முடிச்சுப் போடும் போட்டி வைப்போம். பரிசு எப்போதும் கரைக்குத்தான் போகும். சில சமயம் தெற்கே காரங்காட்டுக்குப் போய், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றுவோம். கடல்பசுவைப் பற்றி அங்கே பேச்சு வந்தது. அந்தக் கரைகளில் அதற்கு ஆவுளியா என்று பெயர். தாழையைத் தின்று வாழும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர் என்பதால் வலையில் சிக்கினால் மூச்சு முட்டியே செத்துவிடும். 2022-ல் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கியதை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்கள் இருக்கிறார்கள். தன் வலையைத் தானே அறுப்பது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க, எங்கள் நண்டு வலை அம்மா ஒரு பழைய வலையைக் கையில் கொடுத்து, கண்ணுக்குக் கண் தைக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளை நான்கு கண் தைத்தது.

கரைப் பிள்ளைகளை ஒருமுறை காரைக்குடிக்கு அழைத்துவந்தோம். பெரிய வீடுகளையும் ஆத்தங்குடித் தளக்கல்லையும் மரியாதையோடு பார்த்தார்கள். குளிக்கும் ஊருணியைக் கண்டதும்தான் ஓட்டம் பிடித்தார்கள். வாயில் போன தண்ணீர் கரிக்கவில்லை என்று கத்திக்கொண்டே திரும்பத் திரும்பக் குதித்தார்கள்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். முதல் கூட்டுச் சமையலில் எங்கள் ஆட்கள் சோம்பு, மிளகு, கல்பாசி என்று எல்லாம் வறுத்தரைத்து நண்டுக் குழம்பு வைத்தார்கள். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “ருசிதான் தம்பி. ஆனால் இவ்வளவு மசாலா உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த நண்டுக்குப் போட வேண்டியது. இது இப்போதுதான் கழற்றியது” என்றார். பிறகு மஞ்சள், உப்பு, கொஞ்சம் பச்சை மிளகாய் மட்டும் போட்டு அவித்துக் கொடுத்தார். அந்த நண்டின் இனிப்பை நான் காரைக்குடியில் ஒருநாளும் கண்டதில்லை.

இப்போது பந்தலின் ஓரத்தில் ஓர் அரிசிச் சாக்கு தொங்குகிறது. வலையில் வரும் அறுந்த தங்கூசியையெல்லாம் ஊர்ப் பெண்கள் அதில் போட்டு வைக்கிறார்கள். மாதம் ஒருமுறை நாங்கள் எடுத்துவருகிறோம். போன மாதம் சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். வெள்ளையும் நீலமும்தான் இருந்தது, பச்சை இல்லை. அம்மாவும் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது கூப்பிட்டு, பேத்திக்குத் தை மாதம் கல்யாணம், காரைக்குடிக் கண்டாங்கி ஒன்று அரக்கு நிறத்தில் எடுத்து வர முடியுமா என்று கேட்டு, முந்தானையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். சேலை எடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை கொண்டுபோகிறேன்.